ஊசி போட்டும் இளைக்கும் உடம்பு

இன்சுலின் போட ஆரம்பித்தால் உடம்பு தேற வேண்டும். முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள், ஊசி தொடங்கிய சில வாரங்களிலிருந்தே இழந்த எடையைத் திரும்பப் பிடிப்பதுதான் வழக்கம். கன்னம் நிரம்பும், தொளதொளத்துப் போன சீருடை மறுபடி பொருந்தும், இரவில் நாலைந்து தடவை எழுந்து சிறுநீர் கழித்தது நிற்கும். அப்படி நடக்காமல், ஊசியும் போட்டுக்கொண்டே எடையும் குறைந்துகொண்டே போனால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “சுகர் வந்தா இளைக்கத்தான் செய்யும்.” இந்தப் பதில் ஊசி தொடங்குவதற்கு முந்தைய நாட்களுக்குப் பொருந்தும். ஊசி தொடங்கிய பின்பும் அதையே சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பதால் பிள்ளைகள் ஆபத்தில் விழுகிறார்கள்.

ஊசிக்கு முன்னால் உடம்பு ஏன் உருகுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முதல் வகை நீரிழிவில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் பீட்டா செல்களைத் தாக்கி அழிக்கிறது. இன்சுலினைச் சுரப்பவை அவைதான். இன்சுலின் இல்லையென்றால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் நுழைய முடியாது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் இறைக்க வாளி இல்லாத வீட்டின் நிலை அது. ஒரு வளர்ந்த மனிதரின் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், வடிகட்டிய திரவத்தில் 180 கிராம் சர்க்கரை இருக்கும். அதை முழுவதுமாகச் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். சர்க்கரை 180-ஐத் தாண்டும்போது இந்த மீட்பு வேலை தடுமாறத் தொடங்குகிறது. நாள் முழுக்க 360-ல் நிற்கிறது என்று வையுங்கள். வடிகட்டப்படும் சர்க்கரை 650 கிராமை நெருங்கும். சிறுநீரகத்தால் திரும்ப எடுக்க முடிவது ஏறத்தாழ 540 கிராம். மீதி நூறு கிராமுக்கு மேல் சிறுநீரில் போய்விடும். நூறு கிராம் சர்க்கரை என்பது 400 கலோரி, அதாவது இரண்டு தட்டுச் சோறு. உழைத்துச் சம்பாதித்து, பொங்கி, ஊட்டிவிட்ட சோற்றில் இரண்டு தட்டு தினமும் இப்படி வீணாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கிறது. கொழுப்பு கரையும்போது கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் சேர்கின்றன. அவை அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

இன்சுலின் உள்ளே போனதும் இந்தக் கசிவு நிற்கிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடத்தி 1993-இல் முடிவுகள் வெளியான புகழ்பெற்ற நீரிழிவு ஆய்வில், இன்சுலினைத் தீவிரமாகக் கொடுத்துச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்கள், மற்றவர்களைவிட ஐந்தாண்டுகளில் சராசரியாக 4.6 கிலோ கூடுதலாக எடை போட்டார்கள். இன்சுலினால் எடை கூடுகிறது என்பதுதான் உலகம் முழுக்க மருத்துவர்கள் கேட்கும் புகார். ஆகவே ஊசி போட்டும் இளைப்பதை ‘சுகரின் குணம்’ என்று தள்ளிவிட முடியாது. இன்சுலின் போய்ச் சேர வேண்டிய அளவுக்குப் போய்ச் சேரவில்லை, சாப்பாடு போதவில்லை, சாப்பிட்டது செரிக்கவில்லை, அல்லது வேறொரு நோய் உள்ளே இருக்கிறது. தேடலை இந்த வரிசையிலேயே தொடங்குவது நல்லது. முதல் இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிட முடியும்.

பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம். அதிலிருந்து அரியலூர் 2007-இல் நிலையாகப் பிரிந்தது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் காடு ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையுமான பூமி இன்னொரு பக்கம். சிறப்பு மருத்துவம் என்றாலே நெடுங்காலம் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏற வேண்டியிருந்த இடம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். மக்காச்சோள அறுவடை நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போவது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான், எதற்காகப் போகிறோம், போகும்போது எதை எடுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்து போவது இங்கே இன்னும் முக்கியமாகிறது.

முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். நம் நாட்டில் அரசு மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் சீசா இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் அடர்த்தி உள்ளது. பென்னில் போடும் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. கடையில் ஒன்று தீர்ந்துவிட்டால் மற்றதை எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கி வருகிறவருக்கும் மூடியின் நிறத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று தெரிவதில்லை. 40 யூனிட் சீசாவிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் ‘10’ என்ற கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே வருவது பத்தில் ஒரு பங்கு மில்லிலிட்டர், அதாவது நாலு யூனிட் மட்டுமே. பத்து யூனிட் போட்டதாக அம்மா நினைப்பார், பிள்ளைக்குப் போனது நாலு. மருத்துவர் சர்க்கரையைப் பார்த்து அளவைப் பன்னிரண்டாக்குவார், பதினாலாக்குவார். எடை குறைந்துகொண்டே இருக்கும். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்து கோடு இழுத்தால் இருபத்தைந்து யூனிட் போய்விடும். தாழ்சர்க்கரையில் பிள்ளை மயங்கி விழும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனைக்கூடமும் தேவையில்லை. 10 மில்லிலிட்டர் கொண்ட 40 யூனிட் சீசாவில் மொத்தம் 400 யூனிட் இருக்கிறது. நாளைக்கு 20 யூனிட் போடும் பிள்ளைக்கு அது இருபது நாளில் தீர்ந்தாக வேண்டும். திறந்த தேதியைச் சீசாவிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். இருபது நாளில் தீர வேண்டியது ஐம்பது நாள் வந்தால் சிரிஞ்ச் மாறியிருக்கிறது. முப்பது நாள் வந்தால் சில ஊசிகள் விட்டுப்போகின்றன. என் பார்வையில், முதல் வகை நீரிழிவுப் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய கணக்கு இதுதான்.

அடுத்தது வெயில். இன்சுலின் ஒரு புரதம். கடும் வெப்பத்தில் அதன் மூலக்கூறுகள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். உறைந்து போனாலும் கெட்டுவிடும். திறக்காத சீசாவை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பயன்பாட்டில் இருக்கும் சீசாவை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பது பொதுவான அறிவுரை. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தகரக் கூரை வீட்டில், அந்த 30 டிகிரிக்கு எங்கே போவது? இங்கே கொஞ்சம் ஆறுதலான செய்தி உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தகாஹலே அகதிகள் முகாமில் பதிவான வெப்பநிலையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்து, 2021-இல் முடிவை வெளியிட்டன. 25-க்கும் 37-க்கும் இடையில் ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலினின் திறன் குறையவில்லை. அப்படியானால் நாம் செய்ய வேண்டியது 37-க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான். மண்பானை இதற்குப் போதும். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சிறிய பானை, அதற்குள் பிளாஸ்டிக் டப்பாவில் சீசா, மேலே ஈரத்துணி. பானையின் துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. காற்று வறண்டிருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். பெரம்பலூரின் கோடைக் காற்று அப்படிப்பட்டதுதான். வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியும், டிவி மேல் உள்ள தட்டும், பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்த பையும் இன்சுலினைக் கெடுக்கும் இடங்கள்.

கெட்ட இன்சுலின் கண்ணுக்குத் தெரியும் என்று நம்ப வேண்டாம். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கினாலோ, பால் போன்றதில் திப்பி மிதந்தாலோ தூக்கிப் போடலாம். தோற்றத்தில் எதுவும் மாறாமலேயே வலு குறைந்திருக்கவும் கூடும். பால் போன்ற கலங்கல் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிக் கலக்காமல் இழுத்தால் ஒரு நாள் அதிகமாகவும் ஒரு நாள் குறைவாகவும் போகும். இன்சுலினின் முதல் ஊசியே இப்படித் தரத்தால் தோற்றதுதான். 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லெனார்டு தாம்ப்சனுக்கு அது போடப்பட்டது. அப்போது அவன் எடை 29 கிலோ அளவுதான். சாறு தூய்மையாக இல்லாததால் பெரிய பலன் இல்லை. ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துத் தந்த பிறகு, ஜனவரி 23 அன்று போட்ட ஊசிதான் அவனைக் காப்பாற்றியது. பன்னிரண்டு நாள் இடைவெளியில் பையன் அதே பையன்தான். மாறியது சீசாவுக்குள் இருந்தது.

ஊசி போடும் இடத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துப் பஞ்சு போன்ற மேடு உண்டாகும். அங்கே வலி குறைவு என்பதால் பிள்ளைகள் அந்த இடத்தையே விரும்புவார்கள். அந்த மேட்டில் போட்ட இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒரே ஊசிமுனையைப் பல நாள் பயன்படுத்துவதும் இந்த மேட்டை வளர்க்கும். வயிறு, தொடை, மேல்கை என்று இடத்தை மாற்றி, ஒவ்வொரு முறையும் விரல் அளவு தள்ளிப் போட்டால் மேடு மெல்லக் கரையும்.

ஊசியை விட்டுவிடுவதைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். நோய் தொடங்கிய சில வாரங்களில், மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் மறுபடி சுரக்கத் தொடங்கும். ஊசியின் தேவை திடீரென்று குறையும். தேன்நிலவுக் காலம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தச் சில மாதங்களில்தான் “குணமாயிடுச்சு” என்ற நம்பிக்கை பிறக்கிறது, நாட்டு மருந்துக்காரரிடம் போவதும் நடக்கிறது. தேன்நிலவு எல்லோருக்கும் முடியும். முடிந்ததும் அளவைக் கூட்ட வேண்டும். வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு அரை முதல் ஒரு யூனிட் வரை தேவைப்படும், பருவம் எய்தும் வயதில் அதற்கும் மேல். ஆனால் நான்காம் வகுப்பில் எழுதிக்கொடுத்த அளவையே ஏழாம் வகுப்பிலும் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. பள்ளியில் ஊசி போட இடமில்லாமலும், தோழிகள் பார்த்துவிடுவார்களோ என்று கூசியும் மதிய ஊசியை விடும் மாணவிகள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்குச் சுகர் என்று வெளியே தெரிந்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயத்தில் வீடே சேர்ந்து ஊசியை மறைப்பதும் உண்டு. ஒல்லியாக இருப்பதற்காகவே இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும் வளரிளம் பெண்களை உலகெங்கும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இவர்களைத் திட்டிப் பயனில்லை. எந்த ஊசி விட்டுப்போகிறது, ஏன் விட்டுப்போகிறது என்று பொறுமையாகக் கேட்பவருக்குத்தான் விடை கிடைக்கும்.

இனித் தட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். இன்சுலின் வருவதற்கு முன், அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஆலன், நீரிழிவுப் பிள்ளைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டு உயிரை நீட்டித்துவந்தார். வேறு வழி இல்லாத காலம் அது. அவரிடம் சிகிச்சை பெற்ற எலிசபெத் ஹியூஸ், 1922 ஆகஸ்டில் டொரண்டோவுக்கு வந்தபோது பதினைந்து வயது நிறைய மூன்று நாள்தான் பாக்கி. எடையோ சுமார் 20 கிலோ. இன்சுலின் தொடங்கியதும் சாப்பாட்டைத் தாராளமாக்கினார்கள், உடம்பு ஏறியது. அவர் 1981 வரை வாழ்ந்தார். இன்சுலின் வந்த கணத்திலேயே பட்டினிக்கான காரணம் ஒழிந்துவிட்டது. நூறாண்டு கழித்தும் நம் வீடுகளில் பிள்ளையை ஆலனின் பத்தியத்தில் வைத்திருக்கிறோம். சோறு கூடாது, வாழைப்பழம் கூடாது, இட்லியில் இரண்டுக்கு மேல் கூடாது, இரவில் ஒரு சப்பாத்தி, காலையில் பாகற்காய்ச் சாறு. அறுபது வயதுத் தாத்தாவுக்கு, அதிக எடையோடு வந்த இரண்டாம் வகை நீரிழிவுக்குச் சொன்ன அறிவுரையை, பத்து வயதுப் பேரனுக்கும் அப்படியே போட்டுவிடுகிறோம். ஆயிரம் கலோரியோடு வயதுக்கு நூறு வீதம் கூட்டிக்கொள்வது குழந்தைகளுக்கான எளிய கணக்கு. பத்து வயதென்றால் இரண்டாயிரம். ஒரு சப்பாத்தியும் பாகற்காயும் அதன் பக்கத்தில்கூட வராது. பிள்ளை சாப்பிடாததால் சர்க்கரை குறையும், சர்க்கரை குறைவதால் ஊசியின் அளவைக் குறைப்பார்கள், எடை இறங்கும். குறிப்பேட்டில் எண்கள் அழகாகவே இருக்கும்.

முதல் வகை நீரிழிவுப் பிள்ளைக்கு அதே வயதுப் பிள்ளைக்குரிய முழுச் சாப்பாடு வேண்டும். சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி எல்லாமே ஆகும். சாப்பாட்டுக்கு ஏற்ப இன்சுலினைக் கூட்டுவதே முறை. இன்சுலினுக்குப் பயந்து சாப்பாட்டை வெட்டுவது முறை இல்லை.

சப்பாத்தியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீலியாக் நோய் சேர்ந்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நூற்றில் ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. இதுவும் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தாக்குவதால் வருவதுதான். கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போகும்போது, குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் சேதமாகின்றன. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிறு உப்புசம், அடிக்கடி பேதி, மருந்துக்கும் மசியாத ரத்தசோகை, வளர்ச்சி நின்றுபோதல், காரணம் தெரியாத தாழ்சர்க்கரை என்று அது காட்டும் முகங்கள் பல. எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கும். இந்தியாவில் இது கோதுமை உண்ணும் வடக்கில் அதிகம், அரிசி உண்ணும் தெற்கில் குறைவு. அரிசிச் சோற்றோடு இருந்த பிள்ளைக்குச் சுகர் வந்துவிட்டது என்று மூன்று வேளையும் கோதுமைக்கு மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சீலியாக் வரும் தன்மையுள்ள பிள்ளையின் குடலுக்கு, பத்தியம் என்ற பெயரில் அதற்கு ஆகாத பொருளையே அள்ளிக் கொடுக்கிறோம். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதையும், பரோட்டா மைதாவும் அதே கோதுமைதான் என்பதையும் பல வீடுகளில் சேர்த்துப் பார்ப்பதில்லை. குழந்தை நீரிழிவுக்கான பன்னாட்டுச் சங்கமான இஸ்பாட், நோய் கண்டறியும்போதும், பிறகு இரண்டாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் இதற்கான ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறது. எடை குறைந்தால் உடனே செய்ய வேண்டும். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் முடிவு பொய்யாக வரும். சீலியாக் உறுதியானால் அரிசியும் கம்பும் கேழ்வரகும் சோளமும் இருக்கும் நம் சமையலறையில் வைத்தியம் எளிது.

செரிக்காமல் போவதற்கு இன்னொரு காரணம் கணையத்திலேயே இருக்கலாம். அது தென்னிந்தியாவோடு நெருங்கிய நோய். நீரிழிவு என்றதும் இன்சுலினை மட்டும் நினைக்கிறோம். கணையத்தின் பெரும்பகுதி செய்வது வேறு வேலை: கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகளைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது. கணையத்தின் குழாய்களில் கற்கள் உருவாகி, சுரப்பி தழும்பாகி, நொதியும் இன்சுலினும் ஒருசேரக் குறைந்துபோகும் நோய் ஒன்றை 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து ஸுய்தெமா விவரித்தார். பிறகு கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைக் கண்டு 1968-இல் தனி நூலே எழுதினார். சென்னையில் வி. மோகனும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கணையக் கல் நீரிழிவு என்று சொல்லலாம். பத்து, பதினைந்து வயதில் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். பின்னர் இருபது, இருபத்தைந்து வயதுக்குள் சர்க்கரை. ஒல்லியான இளைஞர், இன்சுலின் தேவை என்பதால் முதல் வகை என்றே பலருக்கு எழுதிவிடுகிறார்கள். ஊசி போட்டுச் சர்க்கரை இறங்கினாலும் உடம்பு தேறாது, சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போவதால். மலம் எண்ணெய்ப் பசையோடு, வெளிறி, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் மிதக்கும். நொதிச் சுரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்த பிறகுதான் இந்த அறிகுறி தெரியவரும் என்பதால், அது தெரிந்தால் தாமதிக்க நேரமில்லை.

இந்தக் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அரியலூர்ச் சுரங்கங்களில் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதே வேதிப்பொருள்தான். மண்ணுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை, ஊர்த் தண்ணீரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பச்சைமலைப் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கின் மீதும் ஒரு காலத்தில் பழி விழுந்தது. கிழங்கிலுள்ள சயனைடுச் சேர்மங்கள் கணையத்தைக் கெடுக்கின்றன என்றார்கள். மரவள்ளியே சாப்பிடாதவர்களுக்கும் நோய் வந்ததால் அந்தக் கருத்து வலுவிழந்தது. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இதில் பங்கு வகிப்பது பின்னர் தெரிந்தது. பெரும்பாலான கற்களைச் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ பார்த்துவிடலாம். சாப்பாட்டோடு நொதி மாத்திரை கொடுத்தால் எடை ஏறத் தொடங்கும். இருபது வயதுக்காரர் ஒருவர் ஊசி போட்டும் இளைக்கிறார் என்றால், இன்சுலினைக் கூட்டிக்கொண்டே போகுமுன் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது என்ன பெரிய செலவு?

வேலூரிலிருந்து வந்த இன்னொரு செய்தியும் இங்கே பொருந்துகிறது. சிறுவயதில் போதிய உணவு கிடைக்காமல் வளர்ந்த, மிகவும் ஒல்லியானவர்களுக்கு வரும் நீரிழிவு தனி வகை என்ற கருத்து 1955-இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் எழுதிய காலத்திலிருந்தே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1985-இல் அதைப் பட்டியலில் சேர்த்தது, 1999-இல் நீக்கிவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிஹால் தாமஸ் குழுவினரும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு; ஆனால் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதல் இல்லை, உடம்பு இன்சுலினுக்கு நன்றாகவே கீழ்ப்படிகிறது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. விவாதம் முடிந்துவிடவில்லை. ஆயினும் கூலி வேலைக் குடும்பத்தின் ஒல்லி இளைஞருக்கு முதல் வகை என்று எழுதி முழு அளவு இன்சுலின் கொடுத்தால், அடிக்கடி தாழ்சர்க்கரையில் விழுவார் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. அவருக்குப் புரதமும் கலோரியும் நிறைந்த சாப்பாடு மருந்தளவுக்கு முக்கியம். ரத்தத்தில் காட் எதிர்ப்பொருளையும், உடம்பு தானே சுரக்கும் இன்சுலினைக் காட்டும் சி-பெப்டைடு அளவையும் பார்த்தால் எந்த வகை என்பது ஓரளவு தெளிவாகும்.

வேறு நோய்கள் என்று வரும்போது, நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். நீரிழிவு அதன் ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. இரண்டு வார இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, இவற்றோடு எடைக் குறைவு இருந்தால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். தைராய்டு அதிகம் சுரந்தால் படபடப்பும் கைநடுக்கமும் எடைக் குறைவும் வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும். அட்ரீனல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோய் அரிது. தோல் கறுத்து, உப்பின் மேல் ஆசை கூடி, இன்சுலின் தேவை காரணமில்லாமல் குறைந்து, தாழ்சர்க்கரை அடிக்கடி வந்தால் அதை நினைக்க வேண்டும், விட்டால் உயிருக்கு ஆபத்து. இரண்டாம் வகைக்கென்று வந்த, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. முதல் வகைக்காரர் யாருக்காவது அது தெரியாமல் போய்ச் சேர்ந்தால் எடையும் குறையும், சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் ஆபத்தும் வரும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, சிகிச்சைக்குப் பிறகும் எடை சரிந்தால், அரிதாகக் கணையப் புற்றுநோய் காரணமாக இருக்கலாம். ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவையும் கண்டுபிடிக்கத் தொடக்கமாக இருப்பது எடை பார்க்கும் மெஷின். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்கிறது. மாதம் ஒரு முறை, ஒரே மெஷினில், ஒரே மாதிரி உடையில் நிறுத்தி, தேதியோடு எழுதி வையுங்கள். வளரும் பிள்ளைக்கு எடை அப்படியே நிற்பதும் குறைவுதான். பத்து வயதில் ஆண்டுக்கு இரண்டு மூன்று கிலோ ஏற வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பணியாளர்களுக்கு நீரிழிவுள்ள ஒவ்வொருவரின் எடையையும் குறித்துக்கொள்ளும் வேலையையும் அரசு கொடுக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் இதைவிடக் குறைந்த செலவில் ஒரு நோயை முன்கூட்டிப் பிடிக்க வழியில்லை.

ஊசி தொடங்கி மூன்று மாதத்தில் எடை ஏறவில்லை என்றாலோ, எந்த மாதமாவது இரண்டு கிலோ இறங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். போகும்போது சீசா, சிரிஞ்ச், சர்க்கரைக் குறிப்பேடு, எடை எழுதிய தாள், வாங்கிச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். பிள்ளை ஒரு நாளில் என்னென்ன சாப்பிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். என்ன காரணமாக இருந்தாலும் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை, அசாதாரணத் தூக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.